ரூ.60 ஆயிரம் பெரிதா? உயிர் பெரிதா? கார் வாங்குவோர் கவனத்துக்கு!

சென்னை அண்ணா சாலையில் ஞாயிற்றுக்கிழமை மாலை எந்த கார் ஷோரூமுக்குள் நுழைந்தாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம்.

ஆபீஸ் குமாஸ்தா ஒருவர். பத்து வருஷம் சீட்டுக் கட்டி, பிராவிடண்ட் பண்டிலும் கை வைத்து, முதல் கார் வாங்க வந்திருப்பார். பக்கத்தில் மனைவி. அவர் கையைப் பிடித்தபடி ஒரு பெண் குழந்தை. நாற்காலியில் வயதான அம்மா.

கழுத்தில் டை கட்டிய விற்பனை இளைஞர் விலைப்பட்டியலை விரிப்பார்.

"சார், இந்த மாடல்ல ரெண்டு ஏர் பேக். இதுக்கு மேல் மாடல் எடுத்தீங்கன்னா ஆறு ஏர் பேக், அலாய் வீல், பெரிய டச் ஸ்கிரீன் எல்லாம் சேர்ந்து வருது. வித்தியாசம் அறுபதாயிரம்தான் சார்."

மனைவி கணவரின் முகத்தைப் பார்ப்பார். கணவர் தரையைப் பார்ப்பார்.

"நாம என்ன ரேசுக்கா போறோம்? நாப்பதுல போறவனுக்கு ஆறு எதுக்கு?"

"பாப்பா பின்னாடிதானே உட்காரப் போறா..." என்று மனைவி இழுப்பார்.

அறுபதாயிரம் என்பது சின்னத் தொகை அல்ல. ஐந்து வருஷக் கடனில், 9 சதவீத வட்டிக்கு, மாதம் ஏறக்குறைய ரூ.1,250 கூடுதல் தவணை. சம்பளக்காரர் வீட்டில் இது கேஸ் சிலிண்டரும், பால் பாக்கியும் பேசும் தொகை.

அந்தப் பணம் தண்டமா? தேவையா?

பாதி தண்டம், பாதி உயிர்க்காப்பு என்பதுதான் உண்மை. எது எந்தப் பாதி என்று தெரியாமல் பணத்தைக் கட்டிவிட்டு வருவதில்தான் ஆபத்தே இருக்கிறது.

நாலு மாடிக் கணக்கு

"நாற்பதில் போகிறவனுக்கு எதற்கு?" என்ற கேள்விக்கு முதலில் பதில் பார்ப்போம்.

மணிக்கு 40 கிலோ மீட்டர் வேகத்தில் ஒரு சுவரில் மோதுவதும், இரண்டு மாடி உயரத்தில் இருந்து விழுவதும் ஒன்று. வேகம் 60 ஆனால் உயரம் 14 மீட்டர். அதாவது நாலு மாடி! வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் அடி இரண்டேகால் மடங்கு விழுகிறது. பள்ளிக்கூட விஞ்ஞானம்தான் இது. மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் இல்லை என்றால் குழந்தையை விடாத தகப்பன், பெல்ட் போடாமல் காரின் முன்சீட்டில் மடியில் வைத்துக் கொண்டு போகிறார்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ம் ஆண்டுக் கணக்கு குலை நடுங்க வைக்கிறது. அந்த ஒரே ஆண்டில் நாடு முழுவதும் 4 லட்சத்து 61 ஆயிரத்து 312 விபத்துகள். செத்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர்.

விபத்து எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதல் இடம் தமிழ்நாட்டுக்கு! 64 ஆயிரத்து 105 விபத்துகளில் 17 ஆயிரத்து 884 பேர் மாண்டார்கள். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 49 பேர். தினம் ஒரு டவுன் பஸ் நிறைய ஆட்கள் ஏறிப் போய் வீடு திரும்பவில்லை என்று வைத்துக் கொள்ளலாம்.

காசில்லாத உயிர்க்காப்பு

அதே கணக்கில் இன்னொரு வரி. சீட் பெல்ட் போடாமல் செத்தவர்கள் 16 ஆயிரத்து 715 பேர். இதில் 8 ஆயிரத்து 331 பேர் வண்டி ஓட்டியவர்கள் அல்ல. கூட உட்கார்ந்து போனவர்கள்!

பெல்ட்டுக்குத் தனி விலை கிடையாது. எந்த மாடலிலும் இருக்கிறது. இப்போதுள்ள மூன்று முனை பெல்ட்டை 1959-ல் வோல்வோ கம்பெனிக்காக நில்ஸ் போலின் என்ற என்ஜினீயர் உருவாக்கினார். அந்தக் கம்பெனி உரிமைப் பணம் கேட்காமல் மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டது. கார் உலகில் இதைவிட மலிவான, இதைவிட நல்ல கண்டுபிடிப்பு இன்றுவரை இல்லை. முன்சீட்டில் இருப்பவர் சாகும் அபாயத்தைப் பாதி அளவுக்குக் குறைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பெல்ட் போடாதவருக்கு ஏர் பேக்கே எமனாகலாம். மோதிய மறுகணம், ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்தில், அந்தப் பை வெடித்து விரிகிறது. பெல்ட் போட்டவர் சற்றுப் பின்னால் இழுத்துப் பிடிக்கப்பட்டு, விரிந்து முடிந்த பையில் சாய்கிறார். பெல்ட் போடாதவர் முன்னால் பாய்ந்து, விரிந்து கொண்டிருக்கும் பையில் முகத்தைக் கொடுக்கிறார். முன்சீட்டில் மடியில் குழந்தை இருந்தால்? சொல்லவே வாய் கூசுகிறது.

பெரிய கார் வாங்கிவிட்டால் இந்தக் கவலை இல்லை என்று நினைப்பவர்கள் 2022 செப்டம்பர் 4-ந்தேதியை நினைத்துப் பார்க்க வேண்டும். மராட்டிய மாநிலம் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பென்ஸ் காரில் போய்க் கொண்டிருந்தார். கார் பாலச் சுவரில் மோதியது. முன்சீட்டில் இருந்த இருவரும் காயத்துடன் பிழைத்தார்கள். பின்சீட்டில் இருந்த மிஸ்திரியும் இன்னொருவரும் இறந்தார்கள். பின்சீட்டுக்காரர்கள் பெல்ட் போடவில்லை என்று போலீசார் கூறினார்கள். காரில் பணத்தால் வாங்கக்கூடியது எல்லாம் இருந்தது. போட வேண்டிய ஒன்றைப் போடவில்லை.

ஒரே கார், இரண்டு மார்க்

அப்படியானால் பெல்ட் மட்டும் போதுமா? போதாது. அதற்கும் சாட்சி உண்டு.

2014-ல் 'குளோபல் என்கேப்' என்ற அமைப்பு இந்தியாவில் விற்ற 5 சின்ன கார்களை மணிக்கு 64 கிலோ மீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது. ஐந்துக்கும் கிடைத்த மார்க் பூஜ்யம்! அதில் ஒன்று வோக்ஸ்வேகன் போலோ. அதே போலோவில் இரண்டு ஏர் பேக் வைத்து மறுபடி மோதவிட்டார்கள். ஐந்து ஸ்டாருக்கு நாலு ஸ்டார் வாங்கியது. அதே கார், அதே தகடு. வித்தியாசம் இரண்டு பைகள். அதன் பிறகு ஏர் பேக் இல்லாத போலோவை அந்தக் கம்பெனி இங்கே விற்கவில்லை.

ஆனால் அந்தச் சோதனையில் இன்னொரு பாடமும் உண்டு. கூண்டு பலமாக இருந்ததால்தான் பை வேலை செய்தது. கூண்டே அப்பளமாக நொறுங்கும் காரில் ஆறு பை இருந்தும் பலன் குறைவு. எனவே "எத்தனை ஏர் பேக்?" என்று கேட்பதற்கு முன் "எத்தனை ஸ்டார்?" என்று கேட்க வேண்டும். இப்போது அயல்நாட்டை நம்பியிருக்க வேண்டியதில்லை. 2023 அக்டோபரில் இருந்து 'பாரத் என்கேப்' சோதனை நம் நாட்டிலேயே நடக்கிறது. ஆனால் கம்பெனி விரும்பினால்தான் காரைச் சோதனைக்குக் கொடுக்கலாம். கட்டாயம் இல்லை என்பது ஓட்டை.

எதற்குக் கொடுக்கலாம்?

சில சாதனங்களுக்குத் தனியாகப் பணம் கொடுக்கவே வேண்டாம். சட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டது. 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களில் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம். அதே ஆண்டு ஜூலை முதல் டிரைவருக்கு ஏர் பேக்கும், பெல்ட் போடாவிட்டால் கத்தும் மணியும் கட்டாயம். 2022 பிறந்தபோது முன்சீட்டுப் பயணிக்கும் ஏர் பேக் வந்துவிட்டது.

ஏ.பி.எஸ். என்பது என்ன? பதறிப் போய் பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக் கொண்டு கார் வழுக்கிப் போகும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது. ஏ.பி.எஸ். இருந்தால் சக்கரம் பூட்டாது. மிதித்தபடியே ஒதுங்கலாம். ஏர் பேக் உள்ளே இருப்பவரை மட்டும் காப்பாற்றும். பிரேக், ரோட்டைக் கடக்கும் பூக்காரியையும் காப்பாற்றும். 2022-ல் செத்த நடைபாதசாரிகள் மட்டும் 32 ஆயிரத்து 825 பேர்.

அடுத்தது இ.எஸ்.சி. மழை நாளில் ஜி.எஸ்.டி. ரோட்டில் நாய் குறுக்கே பாய்கிறது. சட்டென்று ஒடித்தால் காரின் பின்பக்கம் சுழலும். இ.எஸ்.சி. இருந்தால், கார் தடம் மாறுவதை உணர்ந்து, தேவையான ஒரு சக்கரத்தை மட்டும் தானே பிடித்து நேராக்கும். ஏ.பி.எஸ். எந்திரத்தோடு சில உணர்கருவிகள் சேர்ந்தால் போதும் என்பதால் செலவும் மலை அல்ல. இதற்குக் கொடுக்கும் பணம் வீண் அல்ல.

பிறகு பக்கவாட்டு ஏர் பேக். முன்னால் மோதினால் நொறுங்க என்ஜின், பானெட் என்று மூன்று, நாலு அடி இருக்கிறது. பக்கத்தில் மோதினால் தலைக்கும் மரத்துக்கும் நடுவே இருப்பது ஒரு கதவும் கண்ணாடியும்தான். பக்கத்தில் இடி வாங்கிய கார்களில் தலையைக் காக்கும் பை, டிரைவர் சாவை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தது என்பது அமெரிக்க ஆய்வு. பின்சீட்டுப் பிள்ளைகளுக்கும் திரை போல விரிவது இந்தப் பைதான். அந்த மனைவி இழுத்துச் சொன்ன வார்த்தையில் நியாயம் இருக்கிறது.

சின்னக் குழந்தைக்குத் தனி ஆசனம் என்றால் "அதெல்லாம் பாரின்ல" என்று சிரிப்பவர்கள் உண்டு. பொம்மைக்குச் செலவழிக்கும் பணத்தில் நல்ல ஆசனம் வாங்கலாம். சிரிக்க வேண்டிய விஷயம் அல்ல.

எதற்கு அவசரம் இல்லை?

இப்போது புதிதாகச் சக்கைப் போடு போடுவது 'அடாஸ்'. கேமராவும் ரேடாரும் ரோட்டைப் பார்க்கும். முன்னால் வண்டி நின்றால் கார் தானே பிரேக் போடும். கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங்கைத் திருப்பும்.

கெட்ட சரக்கு அல்ல. அமெரிக்காவில் தானியங்கி பிரேக் உள்ள கார்கள், முன் வண்டியின் முதுகில் மோதுவது பாதியாகக் குறைந்திருக்கிறது. ராத்திரி திருச்சி, சேலம் என்று ஓடுகிறவர் ஒரு நொடி கண் அசந்தால் அது தெய்வம் மாதிரி.

ஆனால் தி.நகருக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஓடும் குமாஸ்தாவின் காருக்கு? கோடு அழிந்த ரோடு. இடது பக்கம் பைக் நுழையும். வலது பக்கம் ஷேர் ஆட்டோ வெட்டும். கார் நிமிஷத்துக்கு ஒரு தரம் கூவினால், காது வலித்து, சுவிட்சை அணைத்துவிடுவார். அணைத்து வைப்பதற்கா அவ்வளவு பணம்? முன் கண்ணாடி உடைந்தால் கேமராவை மறுபடி சரிபார்த்துப் பொருத்தும் செலவு வேறு. கை வசதி இருந்தால் வாங்கலாம். கடன் பட்டு வாங்க வேண்டியது இது அல்ல.

கம்பெனிக்காரர் சொல்லும் நியாயம்

ஆறு ஏர் பேக்கைக் கட்டாயமாக்க 2022 ஜனவரியில் மத்திய அரசு வரைவு விதி வெளியிட்டது. அந்த ஆண்டு அக்டோபரில் அமலாகும் என்றது. பிறகு 2023 அக்டோபர் என்று ஒத்திப் போட்டது. 2023 செப்டம்பரில் "கட்டாயம் இல்லை" என்று மந்திரி நிதின் கட்காரி சொல்லிவிட்டார். ஒரு பைக்கு ரூ.800-தான் ஆகும் என்று பார்லிமெண்டில் சொன்னவரும் அவரேதான்!

பை மட்டும் போதாது, உணர்கருவி வேண்டும், கூண்டையும் மாற்ற வேண்டும், விலை பல ஆயிரம் ஏறும் என்றார்கள் கம்பெனிக்காரர்கள். விலை ஏறினால் ஏழைக் குடும்பம் கார் வாங்காது, ஸ்கூட்டரிலேயே போகும் என்றார்கள்.

இதைத் தள்ளிவிட முடியாது. 2022-ல் செத்தவர்களில் 74 ஆயிரத்து 897 பேர் இருசக்கர வண்டிக்காரர்கள். கிட்டத்தட்ட பாதி! அப்பா, அம்மா, நடுவில் ஒன்று, டாங்கியில் ஒன்று என்று போகும் குடும்பத்துக்கு, இரண்டு பை உள்ள சின்ன காரும் பெரிய பாதுகாப்புதான்.

ஆனால் பிறகு நடந்தது என்ன? சட்டம் வராமலே, 2023 அக்டோபரில் ஹூண்டாய் தன் எல்லா மாடலிலும் ஆறு பை வைத்தது. அந்தக் கார்கள் தயாராவது ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில்! 2025-ல் மாருதியின் ஆல்டோவிலேயே ஆறு பை வந்துவிட்டது. முடியாது என்றது முடிந்தது. எல்லா காரிலும் போட்டால் சரக்கு மொத்தமாகத் தயாராகும், விலை இறங்கும். ஒரு காலத்தில் பணக்காரர் காரில் மட்டும் இருந்த ஏ.பி.எஸ். இன்று கடைசி மாடலிலும் இருப்பது அப்படித்தான்.

குற்றம் எங்கே என்றால், கட்டுக் கட்டும் வித்தையில். உயிர் காக்கும் பையையும், வானம் பார்க்கும் கண்ணாடிக் கூரையையும் ஒரே கட்டில் கட்டி, "ரெண்டும் வேணும்னா மேல் மாடல்" என்று விற்கிறார்கள். பை வேண்டும் என்பவர் கூரைக்கும் சேர்த்துக் கப்பம் கட்ட வேண்டியிருக்கிறது. மளிகைக்கடைக்காரர் உப்பு கேட்டவரிடம் முந்திரியும் வாங்கினால்தான் உப்பு என்று சொன்னால் விடுவோமா? உயிர்ச் சாதனத்தைத் தனியாகக் கேட்டால் தனியாகத் தர வேண்டும். தராவிட்டால் அரசு தரச் செய்ய வேண்டும்.

ஜி.பி. ரோடு வேடிக்கை

வாங்குகிறவர் மட்டும் யோக்கியமா?

அறுபதாயிரம் அதிகம் என்று கீழ் மாடலை எடுத்தவர், வண்டி கைக்கு வந்த மறுநாள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு ஓட்டிப் போகிறார். முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு. உள்ளே தடித்த சீட் கவர். அதிரும் ஸ்பீக்கர். ஆயிரம் ஆயிரமாகக் கரைகிறது.

யானை வாங்கினவன் அங்குசத்துக்கு அழுத கதைதான். இங்கே அதைவிட மோசம். வாங்கிய அங்குசத்தையும் முறித்துப் போடுகிறார்கள்.

இரும்புத் தடுப்பு மோதலின் அடியைத் திசை மாற்றுவதால் ஏர் பேக் நேரத்துக்கு விரியாமல் போகலாம். எதிரே வரும் பாதசாரிக்கோ அது கோடரி. அதை அகற்ற நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. சீட்டின் பக்கத்தில் ஏர் பேக் உள்ள காரில் கண்ட கவரையும் இறுக்கித் தைத்தால், பை வெளியே வர வழி இருக்காது.

எல்லாவற்றையும் மிஞ்சியது ஒரு போலிக் கொக்கி. பெல்ட் போடாமலே மணி கத்தாமல் இருக்க அதைச் சொருகி விடுகிறார்கள்! 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டு, 5 ஆன்லைன் கடைகளில் இருந்து 13 ஆயிரத்து 118 விற்பனை விளம்பரங்களை நீக்க வைத்தது. உயிரைக் காக்க மணி அடித்தால், மணியின் வாயை அடைக்கப் பணம் கொடுக்கும் ஜனம்!

போலீசுக்கும் ஒரு வார்த்தை

பெல்ட் போடாவிட்டால் அபராதம் ஆயிரம் ரூபாய். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் இருந்து அமலில் இருக்கிறது. சட்டம் பின்சீட்டுக்கும் பொருந்தும். சிக்னலில் முன்சீட்டை எட்டிப் பார்க்கும் போலீசார் பின்சீட்டையும் எட்டிப் பார்க்க வேண்டும்.

ராத்திரியில் விளக்கில்லாமல் ரோட்டோரம் லாரியை நிறுத்துகிறவர்களையும் பிடிக்க வேண்டும். லாரியின் அடியில் கார் செருகிக் கொண்டால் இடி நேராகக் கூரையில் விழுகிறது. எத்தனை ஸ்டார் வாங்கிய காராக இருந்தாலும் அங்கே கதை முடிந்தது. எல்லாப் பாதுகாப்பையும் கார் வாங்குகிறவர் தலையிலேயே கட்டிவிட்டு அரசு ஒதுங்கிக் கொள்ள முடியாது.

குமாஸ்தா என்ன செய்யலாம்?

மறுபடி அந்த ஷோரூமுக்கு வருவோம்.

அந்தக் குமாஸ்தா விற்பனை இளைஞரிடம் நாலே கேள்வி கேட்டால் போதும். "இந்தக் கார் எத்தனை ஸ்டார்? இ.எஸ்.சி. இருக்கா? பக்கத்து ஏர் பேக் எந்த மாடல்ல இருந்து வருது? பின்னாடி நடு சீட்டுக்கும் மூணு முனை பெல்ட் இருக்கா?"

பதில் சரியாக இருந்தால், அலாய் வீலையும் பாட்டுப் பெட்டியையும் குறைத்துக் கொண்டு, அந்த அறுபதாயிரத்தைக் கொடுக்கலாம். மாதம் ரூ.1,250 என்றால் நாளுக்கு 41 ரூபாய். அதே பாதுகாப்பு வேறு கம்பெனியின் கீழ் மாடலிலேயே இருந்தால், எழுந்து அடுத்த ஷோரூமுக்கு நடக்கலாம். இரண்டும் முடியாதவர், இரண்டு பை காரையே வாங்கி, ஐந்து பேரும் பெல்ட் போட்டு, 60-ஐத் தாண்டாமல் ஓட்டினால், மேல் மாடலில் பெல்ட் போடாமல் பறக்கிறவரைவிட நிச்சயம் பத்திரமாக இருப்பார்.

கார் வாங்க வசதி இல்லாதவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. நாளைக்கு சென்ட்ரலில் இறங்கி கால் டாக்சி பிடிக்கிறவர்கள் பின்சீட்டில் கையை விட்டுத் தேடிப் பார்க்கட்டும். பல வண்டிகளில் பெல்ட்டின் கொக்கி சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும்.

"யாரும் போடறதில்ல சார்" என்பார் டிரைவர்.

"நான் போடறேன், எடுத்து விடுங்க" என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒரு பைசா செலவில்லை!